ஆரியங்காவு லாட்டரிச் சீட்டை வைத்துப் பொருள்கோள் ஆய்வு: களத்தில் இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரை தாண்டி, கோட்டைவாசல் வளைவுகளைக் கடந்தால் ஆரியங்காவு. அங்குள்ள லாட்டரிக் கடைகளில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து சீட்டு வாங்குகிறவர்களைப் பார்க்கலாம். ஏன் வருகிறார்கள் என்று யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: பேராசை, கணக்குத் தெரியாமை, வறுமை. இவை தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் சீட்டு வாங்குகிற ஆளை ஒருமுறைகூடப் பார்க்காதவரும் இந்த மூன்றையும் சொல்லிவிடலாம்.

ஒரு செயலைச் செய்கிறவர் அதற்கு என்ன பொருள் வைத்திருக்கிறார் என்று கண்டறிந்து, அந்தப் பொருளின் வழியாக அது ஏன் நடக்கிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று விளக்குவது பொருள்கோள் முறை. சமூகவியல், மானுடவியல், அரசியல் அறிவியல் மாணவர்கள் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் இதன் பெயரை எழுதிவிடுகிறார்கள். களத்தில் அதை எப்படிச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம். இந்த வழிகாட்டி முழுக்க எல்லையோர லாட்டரி என்ற ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் போகிறது. கீழே வரும் பேச்சுகளும் குறிப்புகளும் விளக்கத்துக்காக எழுதப்பட்டவை.

கொஞ்சம் வரலாறு, தேவையான அளவுக்கு

இயற்கையை விளக்குகிறோம், மனித வாழ்வைப் புரிந்துகொள்கிறோம் என்ற பிரிப்பை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ட்ராய்சன் வைத்தார். 1883இல் ஜெர்மன் தத்துவவாதி டில்தாய் அதை மனித அறிவியல்கள் அனைத்துக்குமான அடித்தளமாக்க முயன்றார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் (1864–1920) செய்தது வேறு. அவர் பிரிப்பை ஏற்றுக்கொண்டு அங்கேயே நிற்கவில்லை. சமூகச் செயலைப் பொருள்கொண்டு புரிந்துகொள்வது, அதன் மூலம் அந்தச் செயலின் போக்கையும் விளைவையும் காரணத்தோடு விளக்குவது: சமூகவியல் இந்த இரண்டையும் செய்ய வேண்டும் என்றார்.

இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் நம் ஆய்வேடுகளில் அதிகம் காணும் குறை. 'பொருள்கோள் முறை என்றால் பிறர் நிலையில் நின்று உணர்வது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பரிவு உதவும், ஆனால் பரிவு சான்று ஆகாது. சீசரைப் புரிந்துகொள்ளச் சீசராக இருக்க வேண்டியதில்லை என்பதை வெபரே எடுத்துச் சொல்கிறார். தேவைப்படுவது சரிபார்க்கக்கூடிய ஒரு வாசிப்பு.

இந்த முறை எதற்கு உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எத்தனை சதவீதம் பேர் சீட்டு வாங்குகிறார்கள், எந்த வருமானப் பிரிவில் அதிகம் என்பவை கணக்கெடுப்புக் கேள்விகள். அவற்றுக்குப் பதினைந்து நேர்காணலை வைத்துப் பதில் சொன்னால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 1: தலைப்பை விட்டுவிட்டுச் செயலைப் பிடியுங்கள்

'எல்லையோர மக்களின் லாட்டரிப் பழக்கம்' என்பது வெறும் தலைப்பு. அதற்குப் பொருள்கோள் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் யாரும் எதையும் செய்யவில்லை. 'பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகும் லாரி ஓட்டுநர்கள், திரும்பி வரும்போது ஆரியங்காவில் வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்குவது' என்றால் அது செயல். ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது.

வெபர் தரும் ஒரு எடுத்துக்காட்டு இங்கே வழிகாட்டும். இரண்டு சைக்கிள்காரர்கள் மோதிக்கொள்வது வெறும் நிகழ்வு. மோதலைத் தவிர்க்க ஒருவர் வளைத்ததும், மோதிய பிறகு திட்டிக்கொண்டதும், அடித்துக்கொண்டதும், சமாதானமாகப் பேசியதும் சமூகச் செயல்கள். அடுத்தவரை மனதில் வைத்து நடக்கிறதா என்பதுதான் அளவுகோல். எனவே கேள்வியை எழுதும்போது 'இவர் இதைச் செய்கையில் யாரைக் கணக்கில் வைத்திருக்கிறார்?' என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். லாட்டரியில் இந்த வரி பெரிய வேலை செய்யும் என்பதை ஆறாம் படியில் பார்க்கலாம்.

முதுகலை ஆய்வேட்டுக்கு ஒரு கடைத்தெரு, ஒரே வகைச் செயல், 10 முதல் 12 வாரம், 15 முதல் 20 பேர் போதும். முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆண்டுச் சுழற்சியாவது வேண்டும். ஓணம் பம்பரும் (ஓணத்தையொட்டி வரும் பெரும்பரிசுக் குலுக்கல்) சபரிமலை சீசனும் உள்ளே வராத ஆய்வு, ஆரியங்காவைப் பாதிதான் பார்த்திருக்கும்.

படி 2: உங்கள் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

களத்துக்குப் போகும் முன் இரண்டு பக்கம்: இவர்கள் ஏன் சீட்டு வாங்குகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன், என் வீட்டில் லாட்டரியைப் பற்றி என்ன பேச்சு, எந்தப் பதில் வந்தால் எனக்குச் சந்தோஷம். தேதி போட்டு நெறியாளரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். முன்தீர்ப்பு இல்லாமல் யாரும் எதையும் புரிந்துகொள்ளத் தொடங்குவதில்லை என்று ஜெர்மன் தத்துவவாதி கடாமர் 1960இல் வாதிட்டார். அதை ஒழிக்கப் பார்க்க வேண்டாம்; கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால் போதும். ஆறு வாரம் கழித்து எடுத்துப் படித்தால், உங்கள் குறிப்புகளில் எத்தனை வரி அந்த இரண்டு பக்கத்திலிருந்தே வந்தவை என்று தெரியும்.

உள்ளூர்க்காரருக்கு இது இன்னும் அவசியம். செங்கோட்டைக்காரர் ஆரியங்காவில் ஆய்வு செய்தால் பேச்சு புரியும், முகம் பழக்கம், பஸ் நேரம் தெரியும். அதனாலேயே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவார். 'அதான் தெரியுமே' என்று தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி விழுந்துபோயிருக்கிறது.

படி 3: விதிகளை முதலில் படியுங்கள்

செயலின் பொருள் அதைச் சுற்றியுள்ள விதிகளில் பாதி இருக்கிறது. சதுரங்கம் தெரியாதவருக்குக் குதிரையை நகர்த்துவது விளங்காது. தத்துவவாதி பீட்டர் வின்ச் 1958இல் அழுத்திச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பொருளுள்ள செயல் என்பது விதியைப் பின்பற்றும் செயல்.

லாட்டரிக்கு வேண்டிய வெளித்தகவல்கள் இவை. கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அன்றாடக் குலுக்கல் பிற்பகல் 3 மணிக்கு. சிறு பரிசுகள் சீட்டின் கடைசி நான்கு எண்களை வைத்துத் தீர்மானமாகின்றன. பெரிய தொகைக்கு அடையாளச் சான்றோடு முறைப்படி கோரிக்கை வைக்க வேண்டும். சிறு தொகையைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஓணம் பம்பர் சீட்டு 500 ரூபாய், அண்மை ஆண்டுகளில் முதல் பரிசு 25 கோடி. 2023இல் அந்தப் பரிசு பாலக்காட்டு எல்லையிலுள்ள வாளையாரில் விற்ற சீட்டுக்கு விழுந்து, தமிழ்நாட்டைச் சேர்ந்த நண்பர்களுக்குப் போனது. அந்த ஆண்டு எழுபது லட்சத்துக்கு மேல் சீட்டு விற்றது.

இது தெரியாமல் கடை முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒருவர் சீட்டுக் கட்டை விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றிலும் வலது ஓரத்தை மட்டும் பார்த்து, முப்பது சீட்டைக் கழித்து ஒன்றை எடுக்கிறார். 'ராசி எண் பார்க்கிறார், மூடநம்பிக்கை' என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். கடைசி நான்கு எண்தான் சிறு பரிசைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தவருக்கு வேறு சாத்தியங்களும் தெரியும். கடந்த வாரம் விழுந்த நான்கைத் தவிர்க்கிறாரா, கூட்டாளி ஏற்கெனவே எடுத்த நான்கைத் திரும்ப எடுக்காமல் இருக்கிறாரா, கையில் இருப்பதோடு சேரும் ஒரே நான்கு எண்ணை வேறு வரிசையில் தேடிச் செட்டுச் சேர்க்கிறாரா? எண்கணித நிகழ்தகவை இது மாற்றாது. ஆனால் அவர் செய்வது ஒரு விளையாட்டின் விதிக்குள் நடக்கும் தேர்வு என்பது மாறிவிடுகிறது.

எல்லையின் வரலாறும் வெளித்தகவல்தான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்தத் தாலுகாவின் ஒரு பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மற்றது கேரளத்தில் நின்றது. 'அக்கரை மாநிலத்துக்குப் போகிறார்' என்று ஆய்வாளர் எழுதும் பயணத்தை, புனலூரில் சம்பந்தி வீடு உள்ள ஒருவர் ஊருக்குள் நடப்பதாகவே எண்ணலாம்.

படி 4: பார்ப்பதற்கும் ஊகிப்பதற்கும் தனித்தனிப் பத்தி

வெபர் இரண்டு வகைப் புரிதலைப் பிரிக்கிறார். மரம் வெட்டுகிறவரைப் பார்த்ததும் 'மரம் வெட்டுகிறார்' என்று தெரிவது நேரடிப் புரிதல். கூலிக்கு வெட்டுகிறாரா, சொந்த அடுப்புக்கா, பொழுதுபோக்காகவா, கோபத்தைத் தீர்த்துக்கொள்ளவா என்று அறிவது நோக்கத்தோடு கூடிய புரிதல். முதலாவது கண்ணால் வரும். இரண்டாவதற்குச் சூழலும் பேச்சும் வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவதால்தான் களக்குறிப்பு கெடுகிறது.

குறிப்பேட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள். இடது: கண்டது. நடு: கேட்டது, அப்படியே. வலது: என் வாசிப்பு. மாதிரிக்கு ஒன்று:

கண்டது: பிற்பகல் 2.20. லுங்கி, காக்கிச் சட்டை, ஐம்பது வயது இருக்கலாம். கடைக்குள் போகவில்லை. வெளியே மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து விற்பவரிடம் போனார். எண் பார்க்காமல் மேலே இருந்ததை எடுத்தார். மீதிச் சில்லறையை வாங்கவில்லை.
கேட்டது: விற்பவர்: "நம்பர் நோக்கண்டே சேட்டா?" (எண் பார்க்க வேண்டாமா அண்ணா?) வாங்கியவர்: "எதாயிருந்தா என்ன, குடு."
என் வாசிப்பு: தானமாகச் செய்கிறாரா? அல்லது மாற்றுத்திறனாளி கையால் வாங்கினால் விழும் என்ற நம்பிக்கையா? தெரியாது. உள்ளே கடை காலியாக இருந்தும் வெளியே வாங்கினார் என்பது முக்கியம்.

வலது பத்தியில் கேள்விக்குறிகள் நிறைய இருந்தால் குறிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். மானுடவியலாளர் கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1973இல் செறிவான விவரிப்பு என்று பேசியபோது, தத்துவவாதி கில்பர்ட் ரைலிடமிருந்து எடுத்த எடுத்துக்காட்டு கண் சிமிட்டல்: இமை துடிப்பதும் வேண்டுமென்றே கண்ணடிப்பதும் கேமராவில் ஒன்றுபோலவே தெரியும். எண் பார்க்காமல் எடுத்த சீட்டும் அப்படித்தான். தானம், நம்பிக்கை, அவசரம் மூன்றுக்கும் ஒரே கை அசைவு.

ஒரு மணி நேரம் நின்றால் எழுத இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று இரவே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் நடுப்பத்தி போய்விடும், ஏனென்றால் நினைவு வாக்கியத்தை உங்கள் தமிழுக்கு மாற்றிவிடும். கடை முன்னால் நோட்டைத் திறக்காதீர்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று போனில் நாலு சொல் தட்டிக்கொண்டால் இரவு அது போதும். பிற்பகல் 2 மணி முதல் 3.30 வரை தவறாமல் நில்லுங்கள்: குலுக்கலுக்கு முந்தைய அவசரமும், முடிவு பார்த்த பிறகு முகங்களும் அந்த ஒன்றரை மணிக்குள் வந்து போய்விடும்.

குறிப்புகளின் நகல்களை வேறு வேறு இடங்களில் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்தியிருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறையில் நடந்த தீவைப்பில் அவை எரிந்தன. பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்தே அந்த ஊரைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் அந்த நினைவாற்றல் வாய்க்காது.

படி 5: 'ஏன்' என்று கேட்காதீர்கள்

நேர்காணலில் செய்யும் முதல் தவறு "ஏன் லாட்டரி வாங்குதீய?" என்று கேட்பது. லாட்டரி தடைசெய்யப்பட்ட மாநிலத்துக்காரரிடம் இது விசாரணைபோல் ஒலிக்கும். பதிலாக வருவது நியாயப்படுத்தல்: "சும்மா அண்ணாச்சி, போற வழில ஒண்ணு." அல்லது "விழலைன்னாலும் யாருக்கோ வைத்தியத்துக்குப் போகும்லா." இரண்டாவதைத் தள்ளிவிட முடியாது. காருண்யா என்ற சீட்டு ஏழை நோயாளிகளின் மருத்துவ உதவிக்கு என்றே தொடங்கப்பட்டது. ஆனால் அந்த நினைப்போடு வாங்கினாரா, நீங்கள் கேட்டதால் நினைப்பு வந்ததா என்பது ஒரே பதிலில் தெரியாது.

'எப்படி' என்று கேளுங்கள். "கடைசியா சீட்டு எடுத்த அன்னைக்கு வீட்ட விட்டு எறங்குனதுல இருந்து சொல்லுங்களேன்." யாரோடு போனார், பணத்தை யார் கொடுத்தார், சீட்டு யார் பையில் வந்தது, முடிவை யார் போனில் பார்த்தார், விழவில்லை என்று தெரிந்ததும் என்ன செய்தார், வீட்டில் சொன்னாரா. நோக்கம் இந்த விவரங்களுக்குள் இருக்கும்.

சமூகவியலாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1932இல் செய்த பிரிப்பு இங்கே கைகொடுக்கும்: 'இது நடக்க வேண்டும் என்பதற்காக' என்ற முன்நோக்கிய நோக்கம் ஒன்று, 'இப்படி நடந்திருந்ததால்' என்ற பின்னோக்கிய காரணம் இன்னொன்று. முதலாவது செயலின்போதே செய்கிறவர் கையில் இருக்கிறது. இரண்டாவதை அவர் திரும்பிப் பார்க்கும்போதுதான் காண்கிறார். "மகள் கல்யாணத்துக்கு ஆகும்னு எடுத்தேன்" முதல் வகை. "அப்பா சீட்டு எடுத்தே கெட்டாரு, அதான் நான் மாசத்துக்கு ஒண்ணோட நிறுத்திக்கிடுவேன்" இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் 'காரணங்கள்' என்று பட்டியல் இட்டால், நேர்காணலின் பாதி உழைப்பு வீண்.

விளிப்பிலும் கவனம் வேண்டும். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மூத்த ஆண்களை 'அண்ணாச்சி' என்றும் வயதான பெண்களை 'ஆச்சி' என்றும் அழைத்தால் பேச்சு இளகும். 'சார்' என்று தொடங்கினால் நீங்கள் அதிகாரி ஆகிவிடுவீர்கள். ஆரியங்காவில் கடைக்காரரைச் சேட்டன் என்பதா அண்ணாச்சி என்பதா என்பதை அவர் உங்களிடம் எந்த மொழியில் தொடங்குகிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கடைப் பலகையில் எந்த மொழி மேலே இருக்கிறது, யார் வந்தால் கடைக்காரர் மொழி மாற்றுகிறார் என்பதும் தரவு.

ஒலிப்பதிவு ஒரு மணி நேரம் என்றால் எழுத்தாக்கத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். தமிழும் மலையாளமும் கலந்தால் இன்னும் கூடும். பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். 'விழுந்துட்டு' என்பதை 'பரிசு கிடைத்தது' என்று மாற்றினால், தானாக மேலேயிருந்து வந்து விழுவது என்ற எண்ணம் காணாமல் போகும்.

சம்மதம் வாங்கும்போது சட்டத்தை மறக்க வேண்டாம். ஆரியங்காவில் ஒருவர் தனக்காகச் சீட்டு வாங்குவதும், அதைக் கட்டாகக் கொண்டுவந்து செங்கோட்டையில் விற்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. இரண்டாவதைச் செய்கிறவர் உங்களிடம் பேசினால் பெயர், போன் எண், வண்டி எண், கடை அடையாளம் எதையும் எழுதாதீர்கள். குரலையும் பதிய வேண்டாம். கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் அவரைக் காப்பாற்றாது, காட்டிக்கொடுக்கும். வாய்மொழிச் சம்மதத்துக்கு நிறுவன நெறிக்குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

படி 6: வாசிப்பைக் கட்டுவது

எட்டுப் பத்து நேர்காணல் முடிந்ததும் நிறுத்திப் படியுங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் படிக்கலாம் என்று வைத்தால், கேள்வியைத் திருத்தும் வாய்ப்புப் போய்விடும். பகுதியை வைத்து முழுமையும், முழுமையை வைத்துப் பகுதியும் மாறி மாறித் தெளிவாகும். இந்தச் சுழற்சிக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை.

வெபரின் நான்கு வகைச் செயல்கள் (இலக்கைக் கணக்கிட்டது, மதிப்பீட்டுக்காகச் செய்தது, உணர்ச்சியால் செய்தது, வழக்கமாகச் செய்தது) பெட்டிகள் இல்லை. ஓட்டுநரை 'வழக்கம்' பெட்டியிலும், தானம் செய்தவரை 'மதிப்பீடு' பெட்டியிலும் போட்டு முடித்தால் அதன் பெயர் வகைப்பிரித்தல், புரிதல் இல்லை. ஒரே ஆள் சனிக்கிழமை வழக்கமாகவும், மகனுக்கு வேலை போன வாரம் உணர்ச்சியாலும் வாங்கியிருக்கலாம்.

ஒரு வாசிப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓணம் பம்பருக்கு ஐந்து பேர் தலைக்கு 100 ரூபாய் போட்டு ஒரு சீட்டு எடுக்கிறார்கள் என்று வைப்போம். சீட்டு ஒருவரிடம் இருக்கும். எடுத்த உடனே போட்டோ எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போகும். இதில் கவனிக்க வேண்டியது போட்டோ. பிறகு விழுந்தால் பங்கு கேட்க ஆதாரம் என்பது ஒரு வாசிப்பு. 'நானும் இந்த ஐந்தில் ஒருவன்' என்று காட்டுவது இன்னொரு வாசிப்பு. யாராவது ஒருவரிடம் "இந்தத் தடவை நான் வரலைன்னு சொல்லியிருக்கலாம்லா?" என்று கேளுங்கள். "நான் இல்லாத தடவை பாத்து விழுந்துட்டுன்னா? அப்புறம் இவனுவ மூஞ்சில எப்படி முழிக்கது?" என்று பதில் வந்தால் அந்த வரியை அடிக்கோடிடுங்கள். பயம் தோற்பதைப் பற்றியது அல்ல. மற்ற நால்வர் ஜெயிக்கும்போது வெளியே நிற்பதைப் பற்றியது.

இப்போது பேராசை என்ற முதல் விளக்கம் ஆட்டம் காண்கிறது. 25 கோடியில் கண் இருப்பவர், கணக்குப்படி, பங்காளிகளைக் குறைக்கப் பார்க்க வேண்டும். இவரோ பங்கை ஐந்தாகப் பிரித்து, தெரிந்தே சிறிதாக்கிக்கொள்கிறார். 'கணக்குத் தெரியாமை'யும் சரியாகப் பொருந்தவில்லை: எழுபது லட்சத்தில் ஒன்று என்பதைப் பேச்சுவாக்கில் அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சீட்டு இங்கே ஒரு கூட்டுக்கான சந்தா. ஆண்டுக்கு 100 ரூபாயில் ஐந்து பேரின் தோழமை உறுதியாகிறது. இதைக் 'கூட்டுச் சீட்டு' என்ற தூய மாதிரியாக எழுதிக்கொள்ளலாம். தூய மாதிரி என்பது யாரிடமும் அப்படியே இருக்காது. எவ்வளவு விலகுகிறார்கள் என்று அளக்க ஆய்வாளர் வேண்டுமென்றே கூர்மையாக்கிச் செய்த வடிவம் அது. 'வழிச்சீட்டு' (போகிற வழியில் எடுப்பது) என்றும் 'கடன்சீட்டு' (கடன் வாங்கி எடுப்பது) என்றும் இன்னும் இரண்டு போதும். ஏழெட்டு வடிவம் செய்தால் எல்லோரும் எங்காவது பொருந்திவிடுவார்கள், ஒன்றும் தெரியாது.

படி 7: வாசிப்பை உடைத்துப் பாருங்கள்

'கூட்டுச் சீட்டு' என்ற வாசிப்பு அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகப்பட வேண்டும். எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் ஒரு பொருள்கோள் கருதுகோள்தான் என்று வெபர் எச்சரிக்கிறார். பொருள் அளவில் பொருந்துவது ஒன்று. உண்மையில் அதனால்தான் அப்படி நடக்கிறது என்று காட்டுவது வேறொன்று. 1948இல் சமூகவியலாளர் தியடோர் ஏபெல், இந்தப் புரிதல் கருதுகோளைத் தரும், உறுதிப்படுத்தாது என்று விமர்சித்தார். விமர்சனத்தின் முதல் பாதியை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் நேர்மை.

வாசிப்பு சரியானால் வேறு என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டு உடைந்தவர்கள் தனியாகப் பம்பர் எடுப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது வேறு கூட்டில் சேர்ந்திருக்க வேண்டும். கூட்டாளி ஊரில் இல்லாத ஆண்டும் அவர் பங்கை மற்றவர்கள் போட்டு வைத்திருக்க வேண்டும். சிறு பரிசாக 500 ரூபாய் விழுந்தால் அதைப் பிரிக்காமல் சேர்ந்து செலவழித்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கூட்டு உடைந்தவரெல்லாம் தனியாக 500 ரூபாய் போட்டு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், உங்கள் வாசிப்பை மாற்ற வேண்டும். அவர்களை விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளக் கூடாது.

ஒப்பீட்டுக்கு இரண்டு தரப்பைத் தேடிப் போங்கள். ஒன்று, வாங்குவதை நிறுத்தியவர்கள். இவர்களைக் கடையில் பார்க்க முடியாது, அதனால் பல ஆய்வுகளில் இவர்கள் இல்லவே இல்லை. இன்னொன்று, தென்மலை, புனலூர்ப் பக்கம் வீட்டுப் பக்கத்திலேயே கடை உள்ள தமிழ்க் குடும்பங்கள். எல்லை தாண்டுவது பொருளில் பங்கு வகிக்கிறதா என்று இவர்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் வாசித்துக் காட்டலாம். ஆய்வாளரின் கருத்துரு, செயலைச் செய்கிறவருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்று ஷூட்ஸ் கேட்டார். புரிய வேண்டும் என்றார். ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம். கடன்சீட்டு எடுப்பவர் தன்னை அந்த வடிவத்தில் பார்க்க மறுப்பார். அவர் மறுக்கும் விதம், எந்தச் சொல்லில் கோபம் வருகிறது என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். தலையாட்டினால் சரி, முகம் சுளித்தால் தவறு என்று மதிப்பெண் போடாதீர்கள்.

எங்கே சறுக்கும்

பரிவில் மூழ்கிப்போவது முதல் சறுக்கல். வாங்குகிறவர் சொல்வதெல்லாம் ஞானம், எல்லோரும் தோழமைக்காக 100 ரூபாய் போடுகிறார்கள் என்று எழுதினால், வட்டிக்கு வாங்கிச் சீட்டு எடுத்து வீட்டு நகையை இழந்தவர் பக்கத்திலிருந்து மறைந்துபோவார். பொருளை மட்டும் பார்த்தால் அதிகாரமும் கடனும் கண்ணில் படாது என்று ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸ் கடாமரோடு வாதிட்டது இந்த இடத்தில்தான் உறைக்கும். ஓட்டுநரின் சம்பளம், வட்டி விகிதம், வீட்டில் பணம் யார் கையில் என்பவற்றைக் கேட்காத பொருள்கோள் அரைகுறை.

'பண்பாடு' என்ற சொல்லைக் காரணமாக வைப்பது இன்னொன்று. 'எல்லையோரப் பண்பாட்டில் லாட்டரி ஊறியிருக்கிறது' என்ற வாக்கியம் எதையும் விளக்காது. நெறியாளர்கள் இதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். பலர் அடிப்பதில்லை என்பது வருத்தம்.

மேற்கோள் கூட்டு மூன்றாவது. பக்கத்துக்கு ஆறு மேற்கோள், நடுவில் 'இதிலிருந்து தெரிவது' என்று ஒரு வரி. ஒரு மேற்கோளுக்கு அதன் நீளத்தைப் போல மூன்று மடங்கு வாசிப்பு வேண்டும்: யாரிடம், எந்தக் கேள்விக்கு, எதற்குப் பிறகு சொன்னார், வேறு எப்படி வாசிக்கலாம், ஏன் அப்படி வாசிக்கவில்லை.

படி 8: எழுதுவதும் மூடுவதும்

அத்தியாயத்தை ஒரு காட்சியில் தொடங்கலாம். ஆனால் இரண்டாம் பக்கத்துக்குள் விதிகள் வந்துவிட வேண்டும். அவர்கள் சொற்களையும் உங்கள் சொற்களையும் வேறுபடுத்திக் காட்டுங்கள்: 'விழுந்துட்டு', 'செட்டு' ஆகியவை அவர்களுடையவை, 'கூட்டுச் சீட்டு' உங்களுடையது. தள்ளிய வாசிப்புகளில் இரண்டையாவது, ஏன் தள்ளினீர்கள் என்ற காரணத்தோடு ஆய்வேட்டுக்குள்ளேயே வையுங்கள். அந்த இரண்டு பக்கம் இருந்தால் வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்வி குறையும்.

ஊர்ப் பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ஆரியங்காவில் மூன்று சக்கர வண்டியில் சீட்டு விற்பவர் என்று எழுதினால் அந்தத் தெருவுக்கு ஆள் தெரிந்துவிடும். வண்டியை மாற்றுங்கள், அல்லது இரண்டு பேரை ஒருவராக்கி, அப்படிச் செய்ததை முறையியலில் சொல்லிவிடுங்கள். பெயரையும் புனைபெயரையும் இணைக்கும் பட்டியலைக் காகிதத்தில் ஒரே படியாக, குறிப்பேடுகள் இல்லாத வேறு இடத்தில் வைத்திருங்கள். பட்டம் உறுதியானதும் நெறிக்குழு அனுமதித்த தேதிக்குள் அதை அழித்து, அழித்த தேதியைக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். ஒலிப்பதிவுகளைப் போனிலிருந்து நீக்கும்போது, தானாகக் கூகுள் டிரைவில் ஏறியிருக்கும் படியையும் சேர்த்து நீக்க வேண்டும்.